ஹெமினின் முதுகில் காய்த்தது

முதுகு தேய்த்துவிடும்போது ஷிலேரின் விரல் ஓரிடத்தில் தடுக்கியது. அவள் கணவன் ஹெமினின் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், கொண்டைக்கடலை அளவில் ஒரு முண்டு. பரு என்று நினைத்து நகத்தால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை. சதைக்குள் மரக்கட்டை இருப்பதுபோல அத்தனை கெட்டி.

"வலிக்குதா?"

"எங்க?" என்று கேட்டான் அவன்.

அது மாசிக்காய்ப் பருவம். சர்தஷ்த் நகரத்துக்கு மேலே மலைச்சரிவு முழுவதும், வெயில் ஏறுமுன் ஊர் ஜனம் ஓக் மரங்களைச் சுற்றி நிற்கும். காய் என்று பேர்தானே தவிர அது காயில்லை. சின்னக் குளவி ஒன்று மொட்டைக் குத்தி முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். மரம் அதைச் சுற்றித் தன் சாற்றையே ஊட்டி உருண்டையாக வீடு கட்டிக்கொடுக்கும். உள்ளே புழு தின்று வளரும். குளவி துளைத்து வெளியேறுமுன் பறித்தால் கனத்த கருநீலக் காய். தோல் பதனிடுகிறவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள். துளை விழுந்துவிட்டால் வெறும் சக்கை.

இந்த வருஷம் இருவருக்கும் உடம்பில் தெம்பில்லை. குளிர்காலம் முழுக்க ஹெமினின் அப்பா படுக்கையில் கிடந்தார். புரட்டிப் படுக்கவைத்து, கழுவி, ஊட்டி, வசந்தத்தில் புதைத்த கையோடு கோதுமை அறுப்பு. அது முடிந்த கையோடு இது. மேல்சரிவு வரைக்கும் இனி என்னால் நடக்க முடியாது, இடுகாட்டு மரத்தில் பறிப்போம் என்று சொன்னவள் ஷிலேர்தான். அந்த மரத்தில் யாரும் சுள்ளிகூட ஒடிப்பதில்லை. ஹெமின் மறுபேச்சுப் பேசாமல் ஏறினான். ஒரு சாக்கு நிறைந்ததும் அதன் நிழலிலேயே குப்புறப் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினான். முண்டு வந்தது அதற்கு மூன்றாம் நாள்.

ஒரு வாரத்தில் வாதுமைக்கொட்டை அளவானது. அப்புறம் ஆப்பிள் அளவு. மேலே தோல் கருநீலமாக, வழுவழுவென்று இறுகியது. ஹெமின் தின்றுகொண்டே இருந்தான். சுட்ட ரொட்டி அடுக்கு, தயிர், ஆட்டுக்கொழுப்பு, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி குவளை குவளையாய்த் தேநீர். தின்னத் தின்ன இளைத்தான். அவன் அக்கா பீரோஸ் வந்து பார்த்துவிட்டு, வேலைக்குப் பயந்து தம்பி முதுகில் மூட்டை கட்டிக்கொண்டான் என்று கேலி செய்தாள். சிரித்தாளே தவிர, அதைத் தொடவில்லை.

நகரத்து டாக்டர் கொழுப்புக் கட்டி என்றார். விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை வந்தால் வெட்டி எடுத்துவிடலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை வருவதற்குள் ஷிலேருக்குக் கால் இரண்டும் ஈயமாகிவிட்டன. அவனுக்கு மாவு பிசைவதும் சுடுவதும் தவிர அவளுக்கு வேறு பொழுதே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயில் மண்கூரையை வறுத்துக்கொண்டிருந்தபோது, மேலே காயப்போட்டிருந்த மாசிக்காயின் நெடி நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்போடு வீட்டுக்குள் இறங்கிவர, அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த ரொட்டியை யாரோ அவசரமில்லாமல் மெல்வதுபோல. எலி என்று நினைத்தாள். மூட்டைகளை நகர்த்தினாள். கூரைமேல் ஏறிக் காய்களருகே காதை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. இறங்கிவந்தாள். சத்தம் தூங்கிக்கொண்டிருந்த ஹெமினிடமிருந்து வந்தது. நெருங்கிக் குனிந்தாள். மெல்லும் சத்தம் நின்றது.

"பேசாம இரு, ஷிலேர்," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "நீ கிட்ட வந்தா அது பயப்படுது."

"எது?"

"வலிக்கவே இல்ல. நல்லா இருக்கு. மத்தவங்களுக்கு எவ்வளவோ செஞ்சோம். இதுக்கும் செஞ்சுட்டுப் போறேன்."

சனிக்கிழமை காலையில் அவன் பாயைவிட்டு எழுந்திருக்க மறுத்தான். இழுத்துப் பார்த்தாள். அவன் உடம்பில் எடையே இல்லை. இருந்தும் அவளால் நகர்த்த முடியவில்லை. பீரோஸ் வீட்டுக்குப் போய், கழுதையோடு வரச் சொல்லிவிட்டு, முன்னால் தனியாகத் திரும்பினாள். நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்து சேர்ந்தாள்.

வீட்டில் சத்தமில்லை.

ஹெமின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. முதுகில் உருண்டை அப்படியே இருந்தது. ஆனால் வெளிறிப்போயிருந்தது. அதன் நடுவில் ஒரு துளை. வட்டமாக. தச்சன் துளைத்ததுபோல.

ரத்தமில்லை. பாயில் பழுப்பு நிறத்தில் தூள்.

அருகே போனாள். துளைக்குள் பார்த்தாள். வழித்துத் தின்ற கிண்ணம்போல உள்ளே சுத்தமாக இருந்தது. உருண்டைக்குள் மட்டுமில்லை. அதற்கப்பாலும். ஆழமாக. விலா எலும்புகளின் உள்பக்கம் தெரிந்தது.

"போயிடுச்சு," என்றான் ஹெமின்.

குரல் அவன் வாயிலிருந்து வரவில்லை. துளையிலிருந்து வந்தது. பானைக்குள் காற்று ஊதுவதுபோல.

"கதவுக்கு மேல பாரு. இறக்கை காயுது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கதவு நிலைக்கு மேலே அது ஒட்டியிருந்தது. விரித்த கை அளவு. ஈரம். வயிற்றின் நுனியில் நீளமான ஊசி ஒன்று நீண்டது. உள்ளே போனது. மறுபடி நீண்டது.

வெளியே கழுதையின் குளம்புச் சத்தம். பீரோஸ் முற்றத்துக்குள் வந்துவிட்டாள். "அடியே ஷிலேர், அவனை எழுப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே, கயிற்றைக் கல்லில் கட்டக் குனிந்தாள். கதவுக்கு முதுகைக் காட்டியபடி.

இறக்கைகள் ஒருமுறை அதிர்ந்தன.

கத்த வேண்டும். ஒரே ஒரு சொல் போதும். ஷிலேர் வாயைத் திறந்தாள்.

கொட்டாவிதான் வந்தது. நீளமாக, கண்ணில் நீர் வரும்வரை. அது முடிந்து அவள் பார்த்தபோது, வெயில் விழுந்த பீரோஸின் முதுகில் அது உட்கார்ந்து, இறக்கைகளை மெதுவாக மடித்துக்கொண்டிருந்தது.