உள்ளே வந்தவள்

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் எப்படி, காற்று வருமா, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர்கள் எங்களை விசாரித்து முடித்துவிடுவார்கள். என் பெயர் ரிச்சர்ட், மனைவி பெயர் ஸ்வீட்லின் என்றதும் முகம் மாறும். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ராஜபாளையத்தில் ஒரு கோடை முழுக்க அலைந்தோம். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீடு கிடைத்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கார அம்மாள் மரகதவல்லி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தெருவில் நின்றபடியே சாவியை நீட்டினார்.

"நீங்களே போய்ப் பாத்துக்கோங்க."

பழைய ஓட்டு வீடு. வெளியே வெயில் பொசுக்கியது. உள்ளே கால் வைத்ததும் ஈரத்துணியைப் போர்த்தியதுபோலக் குளிர்ந்தது. அடுப்படியில் மட்டும் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வாடை. ஸ்வீட்லினுக்கு அது பெரிதாகப் படவில்லை. கேள்வி கேட்காத வீட்டுக்காரி கிடைத்ததே போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாள் வாசற்படியை மிதிக்காததை நான் கவனித்தேன். நாங்கள் உள்ளே இருப்பதால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

குடி போன அன்று ஜெபம் பண்ணி, பால் காய்ச்சி, தெருவில் எல்லாரையும் கூப்பிட்டோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பால்காரர் ஸ்வீட்லினைத் தெருவுக்கு வரச்சொல்லித்தான் பால் ஊற்றினார். எதிர்வீட்டு வரதராஜ் எங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏன் என்று கேட்டு இன்னும் கொஞ்சம் அவமானப்படுவானேன் என்று நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம்.

பகலில் நான் மில் வேலைக்கு ராஜபாளையம் போய்விடுவேன். அவள் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் கிடப்பாள். மாலையில் திரும்பினால் அழுது வீங்கிய முகத்தோடு கதவைத் திறப்பாள். இப்படியே போனால் இவளுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

அப்புறம்தான் நாராயணி வந்தாள்.

"இன்னைக்கு ஒரு அக்கா வந்தாவ. அடுப்படியில உக்காந்து நம்ம வீட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சாவ."

அதைச் சொன்ன ஸ்வீட்லினின் முகத்தில் கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு இருந்தது. தினமும் மத்தியானம் வருவாளாம். ஒல்லியாக இருப்பாளாம், ரெண்டு கை நிறையக் கண்ணாடி வளையலாம். நான் வருவதற்குள் போய்விடுவாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு நன்றி சொன்னேன்.

ஒருநாள் மில்லில் மோட்டார் புகைந்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கி டீக்கடையில் ஒதுங்கினால், அங்கே வரதராஜ். மனசில் இருந்த தெம்பில் நானே பேச்சுக் கொடுத்தேன்.

"நம்ம தெருவுல நாராயணி அக்கா மட்டும்தான் சார் எங்கள மதிச்சு வீட்டுக்குள்ள வருது."

அவர் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸ் பாதியில் நின்றது.

"எந்த நாராயணி?"

ஸ்வீட்லின் சொன்ன அடையாளங்களைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது வீட்டுக்காரம்மா மருமக. வேற ஆளுக வீட்டுப் பொண்ணுன்னு இப்ப நீங்க இருக்கிற வீட்டுல தனியா வச்சிருந்தாங்க. புருசன் பெங்களூருக்குப் போனவன் திரும்பல. தெருவுல ஒருத்தரும் அவ கையால பச்சத்தண்ணி வாங்கல. அடுப்படியிலயே செத்துக் கெடந்தா. வாடை வந்த பொறவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது."



"அதுக்காகத்தான் எங்க வீட்டுக்கு யாரும் வரலையா?"

"அங்க யாரு வருவா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க வேதக்காரவுக. ஜெபம் பண்ணுவீங்க. உங்கள ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சோம்."

இத்தனை நாள் அவமதிப்பு என்று நினைத்தது எல்லாம் பயம். அதற்காக ஆறுதல்படவும் முடியவில்லை. அந்த வீட்டில் குடிவைத்து வேடிக்கை பார்க்க நாங்கள்தான் கிடைத்தோம் என்று வயிறு எரிந்தது. டீயை வைத்துவிட்டு ஓடினேன்.

வீடு திறந்து கிடந்தது.

வாசலிலேயே குளிர் அடித்தது.

அடுப்படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வளையல் குலுங்கியது. ஸ்வீட்லின் வளையல் போடுகிறவள் இல்லை.

"ஸ்வீட்லின்... வெளிய வா."

குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் அவள் வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. முகத்தில் ஒரு கலவரமும் இல்லை.

"ஏட்டி, அவ செத்துப்போனவ."

"தெரியும். மொத நாளே சொல்லிட்டாவ."

"பொறவும் உள்ள விட்டியா?"

"வேற யாரு வந்தா?"



"கெளம்பு. இப்பமே போயிருவோம்."

"எந்த வீட்டுக்கு?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோடையில் ஏறி இறங்கிய வாசல்கள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. அவள் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பூட்டிக் கிடந்த வாடை மெல்ல என் பக்கம் வந்தது.

அடுப்படி இருட்டிலிருந்து ஒரு குரல், ரொம்பத் தன்மையாக.

"அண்ணே, ஏன் வெளியவே நிக்கிறீக? வாங்க."

இந்தத் தெருவில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

செருப்பைக் கழற்றினேன்.