புயலிலிருந்து ஒரு ட்ரங்க் கால்

சடக்!

பலகையில் 61-ம் நம்பரின் சின்ன மூடி விழுந்தது. மணி கிர்ரென்று அடித்தது.

வாசுகி திடுக்கிட்டாள்.

அறுபத்தொண்ணா...?

விருத்தாசலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்பது வருஷமாக ஆபரேட்டர் அவள். எந்த நம்பர் யாருடையது, எந்த நேரத்தில் கூப்பிடும் என்பதெல்லாம் மனப்பாடம். 61... ஜங்ஷனைத் தாண்டி ஒதுக்குப்புறமாக இருக்கும் ஆதிநாராயணனின் செராமிக் யூனிட். போன வாரம் நாகப்பட்டினத்தை அடித்த புயலில் அதன் கூரை பாதி பறந்துபோனது. வேலையை நிறுத்திப் பூட்டிவிட்டார்கள். வாட்ச்மேன்கூடக் கிடையாது.

முதலாளி ஆதிநாராயணனோ ஊரிலேயே இல்லை! அங்கே செய்யும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளுக்கு ஆர்டர் பிடிக்க ஆந்திராவில் மசூலிப்பட்டணம் போய் மூன்று நாளாகிறது.

பூட்டிய யூனிட்டிலிருந்து கூப்பிடுவது யார்?

"நம்பர் ப்ளீஸ்..."

"பதினெட்டு." அமுக்கிப் பேசிய ஓர் ஆண் குரல்.

பதினெட்டு, ஆதிநாராயணனின் வீடு! வாசுகி ஒயரைச் செருகி மணியடித்தாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்களா என்று பார்க்கச் பலகையின் சாவி ஸ்விட்சைத் தள்ளிக் காதுகொடுத்தாள். ஒரே விநாடிதான் கேட்கலாம் என்பது விதி.

ஆனால்...

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. "ஹலோ... ட்ரங்க் கால்! மசூலிப்பட்டணம்! பேசுங்க!"

வாசுகி சாவியை விடவில்லை; கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த கணம், 'ஹோ'வென்று காது கிழியும் இரைச்சல். அதற்கு நடுவே ஒரு கத்தல்.

"கனகா! நான்தான்! கேக்குதா? இங்க காத்து பேயா அடிக்குது! கடலே ஊருக்குள்ள வந்துடும்னு சொல்றாங்க..."

ஆதிநாராயணன்!

"கேக்குதுங்க..." அவர் மனைவி கனகாவின் குரல்.

"நான் திரும்பி வருவனோ மாட்டனோ! யூனிட் ஆபீசு பீரோவுல ஒரு கவர் இருக்குது. நீ மட்டும் போய் எடுத்துக்க. தனியா போ! யாருகிட்டயும் மூச்சு விடாத!"

"இன்னிக்கேவா?"

"இப்பவே! இருட்டறதுக்குள்ள! ஐயோ... கனகா..."

டொக்!

61-ன் இணைப்பு அறுந்தது.

"சரிங்க. போறேன்," என்று ஒன்றுமில்லாத வெறும் ஒயரிடம் கனகா சொன்னது வாசுகிக்கு மட்டும் கேட்டது.

1977, நவம்பர் 19. சனிக்கிழமை. மணி நாலு பத்து.

* * *

"சார்! சார்! இங்க வாங்க!"

சூப்பர்வைசர் தங்கதுரை மேஜை மேல் இருந்த ட்ரான்சிஸ்டரோடு காதை ஒட்டவைத்திருந்தார். காலையிலிருந்து அந்த அறையில் இரண்டே சத்தங்கள். ஒன்று பலகையின் மணி. மற்றொன்று, மணிக்கு ஒரு தரம் புயல் எங்கே வந்திருக்கிறது என்று சொல்லும் ரேடியோ.

"இரும்மா! கரையைக் கடக்கப் போவுதாம். தென்னை மரத்து உசரத்துக்கு அலை எழும்பும்னு பயப்படறாங்களாம்..."

"சார், மசூலிப்பட்டணத்துக்கு லைன் இருக்குதா?"

"ஏது லைனு? விழுப்புரம் எக்ஸ்சேஞ்சு வீரம்மாள் காலையிலயே சொல்லலியா? மெட்ராஸ் போர்டுலயே அந்த ஊரு செத்துக் கிடக்குதாம். மத்தியானத்துலேருந்து விஜயவாடாவும் இல்ல."

"அப்ப மசூலிப்பட்டணத்துலேருந்து இப்ப ஒருத்தர் எப்பிடி சார் பேசுவாரு?"

"யாரு பேசினது?"

சொன்னாள். ஒரே மூச்சில் சொன்னாள். தங்கதுரையின் கை ட்ரான்சிஸ்டரின் சத்தத்தைத் தானாகக் குறைத்தது.

"பேசினதைக் கேட்டியா நீ? வேலை போயிடும் வாசுகி!"

"உசிரு போயிடும் சார்! அவரு யூனிட்டுலதான் ஒளிஞ்சிருக்காரு! இரைச்சல் காத்து இல்ல சார், அது சூளைக்குக் காத்தடிக்கிற ப்ளோயரு! கனகா அக்காவைத் தனியா அங்க வரச் சொல்றாரு!"

"எதுக்கு?"

"எதுக்கா? பொண்டாட்டி செத்துக் கெடக்கறப்ப புருசன் நானூறு மைல் தள்ளிப் புயல்ல இருந்தாருன்னா யாரு சந்தேகப்படுவாங்க? எந்த லாட்ஜுல தங்கினீங்கன்னு கேட்டா, அந்த லாட்ஜே இப்ப இருக்குமோ இருக்காதோ!"

தங்கதுரை ட்ரான்சிஸ்டரை அணைத்தார்.

"ஏம்மா... புருசன் பொண்டாட்டி விவகாரம். ஏதாவது விளையாட்டா இருந்துட்டா?"

"அந்த யூனிட்டு அக்காவோட அப்பா வெச்சது. அக்கா பேருலதான் இருக்குது. விழுப்புரத்துல அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். இது விளையாட்டா சார்?"

இந்தப் பேச்சில் ஐந்து நிமிஷம் கரைந்துவிட்டது. வாசுகி நாக்கைக் கடித்துக்கொண்டு பலகைக்கு ஓடினாள். 18-ல் செருகி மணியடித்தாள்.

அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்கவில்லை.

கிளம்பிவிட்டாள்!

61-ல் செருகினாள். அங்கேயும் மணி அடித்தது. எடுக்கமாட்டான்! எடுத்தால் மசூலிப்பட்டணம் பொய்யாகிவிடுமே!

போலீஸ் ஸ்டேஷனைப் பிடித்தாள்.

"பாவாடை பேசறேன்," என்றார் கான்ஸ்டபிள்.

"சார், செராமிக் யூனிட்டுல ஒரு கொலை நடக்கப் போவுது! ஆதிநாராயணன் அவரு சம்சாரத்தை..."

"யாரு? ஆந்திரா போன ஆதிநாராயணனா?" பாவாடை சிரித்தார். "என்னம்மா, அங்கேருந்து கையை நீட்டிக் கழுத்தை நெரிப்பாரா?"

"அவரு ஆந்திராவுல இல்ல சார்! இங்கதான் இருக்காரு! எஸ்.ஐ. சாரைக் கூப்பிடுங்க!"

"ஜீப்பை எடுத்துக்கிட்டு மணிமுத்தாத்துப் பக்கம் வெள்ளம் பாக்கப் போயிருக்காரு. வந்தா சொல்றேன்."

"வந்தா இல்ல சார்... ஆளை அனுப்பிச் சொல்லுங்க! நான் டெலிபோன் ஆபீஸ் வாசுகி. பொய்யா இருந்தா என்னை உள்ள போடுங்க!"

ஹெட்செட்டைக் கழற்றினாள். தங்கதுரை அவளையே பார்த்தார். பிறகு வந்து, ஹெட்செட்டைத் தன் வழுக்கைத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"நான் உக்காந்துக்கறேன். நீ போ. ஆனா நான் உன்னை அனுப்பல!"

* * *

சைக்கிள் ரிக்‌ஷா தண்டவாளத்தைத் தாண்டிச் சேற்றில் திணறியது. தூறல். வானம் இங்கேயும் ஈயம் பூசியதுபோல் இருந்தது.

"சீக்கிரம்பா!"

"பெடலை மிதிக்கிறேன்மா, பறக்கவா முடியும்?"

வழியில் ஒரு டீக்கடை. கடையைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதில் படம் தெரிவதுபோல. "...கரையோரக் கிராமங்களுடன் எல்லாத் தொடர்பும் அறுந்துவிட்டதாக..." என்று பாதி வாக்கியம் காற்றில் வந்து போனது.

வாசுகிக்கு ஒரு குரல் ஞாபகம் வந்தது. ஆதிநாராயணன் முன்பெல்லாம் மசூலிப்பட்டணத்துக்குப் பேசும்போது, அந்தக் கோடியில் ஒரு பெண் ஆபரேட்டர் வருவாள். பெயர் தெரியாது. "விருத்தாசலமா? லைன்லோ உண்டண்டி!" என்று, லைனிலேயே இருக்கும்படி தெலுங்கில் சிரித்தபடி சொல்லுவாள். இந்த நிமிஷம் அவள் எங்கே இருக்கிறாள்? பலகை முன்னால்தானா? தண்ணீர் எதுவரை வந்திருக்கும்?

ரிக்‌ஷா நின்றது.

யூனிட்டின் கேட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்துச் சின்னக் கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது.

உள்ளே இன்னும்... ப்ளோயர் இரைந்துகொண்டிருந்தது!

"நீ ரோட்டுக்குப் போ. போலீஸ் ஜீப்பு வந்தா வழி காட்டு."

"போலீஸா?!" ரிக்‌ஷாக்காரன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போனான்.

வாசுகி உள்ளே நுழைந்தாள்.

இருட்டு. வெள்ளை வெளேரென்று களிமண் தூசு. வரிசை வரிசையாக வேகாத ஃப்யூஸ் கட்டைகள். கோடியில் வாயைப் பிளந்துகொண்டு பெரிய சூளை.

"அக்கா!" அவள் கத்தியது இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை.

சுவரோரமாக நகர்ந்தாள். சூளையை ஒட்டியிருந்த ஆபீஸ் அறையின் வாசலில் ஒரு நைலான் கயிறு கிடந்தது. இரண்டு முனையிலும் பிடிக்க வாகாக முடிச்சு.

அதற்கு அந்தப் பக்கம்...

தரையில் ஒரு கை!

வாசுகி வாயைப் பொத்திக்கொண்டாள். நேரம் கடந்துவிட்டது! அந்த ஐந்து நிமிஷம்! அக்கா போய்விட்டாள்...

ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

அந்தக் கையில் வளையல் இல்லை.

மணிக்கட்டில் ஒரு தடித்த ஆண் கடிகாரம்!

குப்புற விழுந்து கிடந்தது ஆதிநாராயணன். பின்மண்டையிலிருந்து ரத்தம் வெள்ளைத் தூசில் வழிந்து, சேறாகியிருந்தது.

திடீரென்று இரைச்சல் நின்றது. ப்ளோயரை யாரோ அணைத்திருந்தார்கள். அந்த அமைதி இரைச்சலைவிடப் பயங்கரமாக இருந்தது.

"நீ எதுக்கு வந்தே வாசுகி?"

திரும்பினாள்.

கனகா! புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கையில், களிமண் கட்டி உடைக்கும் சம்மட்டி.

"அக்கா... நீங்க... நீங்க உசிரோட..."

"இருக்கேன். பின்வாசல் சாவி எங்கிட்டயும் இருக்குது. இது எங்கப்பா கட்டின ஷெட்டு. அவரு கயித்தோட முன்வாசலையே பாத்துக்கிட்டு நின்னாரு. ப்ளோயர் சத்தத்துல நான் வந்தது கேக்கல."

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?"

"வெளியூர் ட்ரங்க் கால்னா முதல்ல உன் குரல்தானே வரும்? இன்னிக்கு எவனோ மூக்கால பேசறான்!" கனகாவின் உதடு கோணியது. "அதுவுமில்லாம, காலையிலேருந்து ரேடியோ முன்னாடியேதான் உக்காந்திருந்தேன். அவரு அங்க இருக்காரேன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு... பழமலைநாதருக்கு வேண்டிக்கிட்டு! ஒரு மணி செய்தியிலயே சொல்லிட்டான். அந்த ஊருக்கு தந்தியில்ல, டெலிபோனில்ல. நாலு மணிக்கு அங்கேருந்து போன் வருது! இங்க ரேடியோ இல்லாததால பாவம், அவருக்குத் தெரியல."

"அப்ப ஏங்க்கா போலீஸுக்குப் போவல?"

"போனா அவரு ஜெயிலுக்குப் போவாரு." கனகா நிதானமாகச் சொன்னாள். "அப்புறம் திரும்பி வருவாரு."

வாசுகிக்கு அழுகை வந்தது.

"அழாத. யோசிச்சுப் பாரு. அவரு ரயிலேறினதை ஊரே பாத்திருக்குது. இறங்கினதை யாரும் பாக்கல. புயல்ல மாட்டினாரு, போயிட்டாரு. கவர்மெண்டே செத்தவங்க பட்டியல்ல எழுதிடும். சூளையை ரெண்டு நாள் பத்த வெச்சா இங்க ஒரு பிடி சாம்பல்கூட மிஞ்சாது. எனக்காகத்தானே ஓடி வந்தே? எனக்காகவே திரும்பிப் போயிடு."

வாசுகியின் மூளையில் ஒரு பாதி 'சரி' என்றது. கயிறு அங்கேதான் கிடந்தது. அந்த முடிச்சுகளைப் பார்த்தால் யாருக்குத்தான் இரக்கம் வராது?

அந்தத் தெலுங்குக் குரல் மறுபடி காதில் கேட்டது.

"வேணாங்க்கா," என்றாள் வாசுகி. "அங்க நெசமாவே சாவறாங்க. புள்ளைங்களோட, மாடு கன்னோட சாவறாங்க. அந்தப் பட்டியல்ல இவரு பேரை எழுத வேணாம். கயித்தைக் காட்டுங்க, நடந்ததைச் சொல்லுங்க. நான் கேட்டதை நான் கோர்ட்டுல சொல்றேன். வேலை போனாப் போவுது."

"போலீஸுக்குப் போவாம ஏன் பின்வாசல்ல வந்தேன்னு கேட்டா?"

"அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

கனகா ஓர் அடி முன்னால் வந்தாள். சம்மட்டி ஓர் அங்குலம் உயர்ந்தது.

"நான் போன்ல பேசினது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, இல்ல?"

வாசுகியின் முதுகு சூளையின் குளிர்ந்த செங்கல்லில் இடித்தது. இனிப் பின்னால் போக இடமில்லை.

"அக்கா..."

கனகாவின் கண்களில் தண்ணீர் கோத்தது. கை மட்டும் இறங்கவில்லை.

வெளியே ஒரு ஜீப் சேற்றில் வழுக்கி நின்றது! பூட்ஸ் சத்தங்கள்!

"யாரு உள்ள?"

சம்மட்டி தரையில் விழுந்தது. அதன் பக்கத்திலேயே கனகாவும் மடங்கி உட்கார்ந்தாள். காலையிலிருந்து புருஷனுக்காக அடக்கி வைத்திருந்த அழுகை, அவனைக் கொன்ற பிறகு வெடித்துக்கொண்டு வந்தது. வாசுகி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் மாணிக்கவேல் டார்ச் அடித்தபடி வந்தார். பின்னால் பாவாடை. வெளிச்சம் கயிற்றின் மேல் நின்றது. சம்மட்டியின் மேல் நின்றது. பிறகு, பாவாடை திருப்பிப் போட்ட முகத்தின் மேல்.

பாவாடையின் தொப்பி கழன்று கைக்கு வந்தது.

"யோவ்! ஆதிநாராயணன்யா!" எஸ்.ஐ. வாசுகியைப் பார்த்தார். "என்னம்மா இது? இந்தாளு மசூலிப்பட்டணத்துல, புயலுக்கு நடுவுல இருக்காருன்னு ஊரே பேசிக்கிட்டிருக்குது!"

வாசுகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கயே இருந்திருந்தா, பொழைச்சிருந்தாலும் பொழைச்சிருப்பாரு சார்!"