தையல்காரரின் இடது இடுப்பு

தையல்காரர் போனில் பத்து என்றார். பத்து சொல்பவர்கள் உண்டு, அதில் அதிசயம் இல்லை. வலிப்பது இடது இடுப்பு என்று அவர் சொன்னபோதுதான் நர்ஸின் பேனா நின்றது. அவருடைய கோப்பில் எழுதியிருந்தது வலது தோள்.

"எப்படி வலிக்குது?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஈரத்துணியைப் பிழியுற மாதிரி முறுக்குதும்மா. முறுக்கி முடிச்சதும் உள்ளே யாரோ சாவி போட்டுத் திருப்புறாங்க."

ஈரத்துணி யார் வாயிலும் வரும். சாவி நர்ஸின் அக்காவுடையது. ஏழு வருடமாக அக்கா தன் இடுப்பைப் பற்றிச் சொல்லும் வார்த்தை அது, வேறு யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது வலி மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மயக்காது, ஆளை அடிமையாக்காது. பத்து பேரில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பத்து பேரையும் போனில் கூப்பிட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு எண் வாங்குவது நர்ஸின் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் மார்க் டீச்சர்.

அந்தப் பத்தில் ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா. இது தெரிந்தால் வேலை போய்விடும், அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. பழைய மாத்திரைகள் அக்காவைப் பகலெல்லாம் பிணமாகப் போட்டிருந்தன. அடுத்த வேளைக்காக, பூட்டிய அலமாரியை அவள் நகத்தால் சுரண்டியதைத் தங்கை கண்ணால் பார்த்திருக்கிறாள். இந்தப் புது மாத்திரைதான் கடைசி நம்பிக்கை. ஆனால் முதல் மாதம் முடிந்தபோது அக்காவின் மார்க் ஒன்பதிலேயே நின்றது. தையல்காரருக்கு எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியிருந்தது. யாருக்கு மாவு என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. மருந்தறையில் கெட்டிலின் ஆவியைக் காட்டி இரண்டு பாட்டில்களின் லேபிளையும் உரித்தாள், மாற்றி ஒட்டினாள்.

அக்கா எழுந்தாள். மாடிப்படியில் ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு அடி, ஒரு இழுப்பு என்று ஏழு வருடமாகக் கேட்ட சத்தம் நின்றது. பாடிக்கொண்டே ஏறினாள். தங்கை சமையலறையில் நின்று சந்தோஷத்தில் அழுதாள்.

தையல்காரரின் மார்க் ஆறு, எட்டு, பத்து என்று ஏறியது.

"பத்துக்கு மேல என்ன இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"பத்தோட முடிஞ்சுதுங்க."

"உங்க காகிதத்துல முடிஞ்சுது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும், டீச்சர்."

டாக்டரும் கேட்டார். "இவருக்கு ஏன் ஏறுது? மாத்திரையில ஏதாவது குழப்பமா?"

ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் பிழைத்துக்கொள்வார். அக்கா மறுபடி அலமாரியைச் சுரண்டுவாள். "அவர் எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் டாக்டர்" என்றாள் நர்ஸ்.

அதன் பிறகு இரண்டு நாள் தையல்காரர் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கடைக்கே போனாள்.

மெஷின் எண்ணெய் வாடையும் சூடான இஸ்திரிப்பெட்டியின் அடியில் நனைந்த துணியின் ஆவியும் குப்பென்று முகத்தில் அடித்தன. தொங்கிய சட்டைகளுக்கு அப்பால், நிழலோடு நிழலாக, முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது காலால் சர்வசாதாரணமாக மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மார்க்?" என்றாள்.

"சைபர்."

"மாத்திரை..."

"குப்பையில போட்டு பத்து நாளாச்சு." பல்லால் நூலைக் கடித்தார். "லேபிள் ஒரு நூல் கோணலா ஒட்டியிருந்துச்சு. தையல்காரன் கண்ணுக்குத் தெரியாதா? ராத்திரி பகலா யோசிச்சேன். அப்புறம் வந்ததுகிட்டயே பேசினேன். இது உன் வீடு இல்ல, உன்னைக் கொண்டு வந்து விட்டவங்ககிட்டயே போன்னு சொன்னேன். இப்பதான் கிளம்புச்சு."

"எங்க அக்காவை விட்டுடுங்க!"

அவர் முதல்முறையாகத் திரும்பினார். அந்த முகத்தில் இரக்கம் மருந்துக்கும் இல்லை. "நான் அக்கான்னு சொல்லவே இல்லையே" என்றார். மறுபடி மெஷினை மிதித்தார்.

அவள் ஓடினாள். அந்த வலிக்கு முன்னால் அக்காவிடம் போய்ச் சேர வேண்டும். தெரு, சிக்னல், மறுபடி தெரு. ஏதோ ஒரு திருப்பத்தில் கால் மடங்கியது. பார்க்க நேரமில்லை.

நாலு மாடி. இரண்டாவது மாடியில் கேட்டது.

ஒரு அடி. ஒரு இழுப்பு.

நின்றாள். சத்தமும் நின்றது. கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. ஏறினாள். ஒரு அடி. ஒரு இழுப்பு. பக்கத்திலேயே. மூன்றாவது மாடி. விளக்கு இல்லை. மூச்சு முட்டியது. ஒரு அடி. ஒரு இழுப்பு.

கதவு. தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

உள்ளே பாட்டு நின்றது. அக்கா நேராக நடந்து வந்து திறந்தாள். ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருந்தாள்.

"கதவைச் சாத்துக்கா! அது வருது!"

"எதுடி வருது?" அக்கா படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கொழுப்புடி உனக்கு. உள்ளேயிருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். கீழேயிருந்து என்னை மாதிரியே இழுத்து இழுத்து ஏறி வந்தியே."

தங்கை குனிந்து பார்த்தாள். இடது செருப்பைக் காணோம். பாதம் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. விரல்களில் தோல் உரிந்து, அவள் ஏறி வந்த ஒவ்வொரு படியிலும் ஒரு சிவப்புக் கோடு. இன்னும் வலிக்கவில்லை.

பிறகு, இடுப்புக்குள்ளே, யாரோ மெதுவாகச் சாவியை நுழைத்தார்கள்.