விருந்தாளிக்கு ஒரு குளம்

செந்தாமரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளத்தில் தண்ணீர் இருந்தது!

குளத்தில் தண்ணீர் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். செம்மேட்டுப்பாக்கம் குளத்தில் கிரிக்கெட் பிட்ச் இருக்கும். ஆடுகள் இருக்கும். காயப்போட்ட மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, இருக்கும். தண்ணீர் மட்டும் இருக்கவே இருக்காது. போன வியாழக்கிழமைகூட செந்தாமரை அதன் நட்டநடுவில் நின்று பந்து வீசினாள்.

அவளும் அம்மாவும் ஒரு காதுகுத்துக்காக வளவனூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார்கள். அம்மா கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார்.

"மழ பேஞ்சுதாடி இங்க?"

"வளவனூர்ல ஒரு தூறல்கூட இல்லியேம்மா!"

ஸ்டம்பாக நட்டுவைத்த குச்சிகளில் ஒன்று நடுக்குளத்தில் சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தது.

அப்பா ராஜாங்கம் எதிரே வந்தார். தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எப்பிடி இருக்குது நம்ம கொளம்? வெள்ளக்காரப் பசங்க இன்னிக்கு வர்றாங்க இல்ல? வறண்டு கெடக்கறதயா அவங்களுக்குக் காட்டறது? தலைவரு சொன்னாரு, ஊர்ல இருக்கற மோட்டார் அத்தனையும் கொளத்துக்குத் திருப்பிட்டோம். கரண்ட் வர்றப்பல்லாம் ஓடிக்கினே இருந்துச்சு!"

செந்தாமரை வாயைப் பிளந்தாள்.

வரப்போகிறவர்கள் நெதர்லாந்து நாட்டுப் பள்ளி மாணவர்கள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் தங்கியிருந்து, அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது ஓர் ஊரின் வறண்ட குளத்தைச் சீர்செய்து கொடுப்பதாக ஏற்பாடு. செம்மேட்டுப்பாக்கமா, பக்கத்து ஊரா என்று இன்றைக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்ன நாளிலிருந்து ஆறாம் வகுப்பில் இதே பேச்சுதான்.

"அப்பா, அவங்க வறண்ட கொளத்தப் பாக்கறதுக்குத்தானே வர்றாங்க?"

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... விருந்தாளிங்க முன்னாடி ஊரு மானம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"



வீட்டுக்கு வந்ததும் அம்மா கை கழுவக் குழாயைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று வந்தது. இன்னும் திருகினார். இன்னும் கொஞ்சம் காற்று வந்தது. சுற்றிலும் இருந்த மோட்டார்கள் ஓடி ஓடி, குடிதண்ணீர் வரும் ஊர் போர்வெல்லிலும் தண்ணீர் கீழே போய்விட்டது.

"குடிக்கிற தண்ணிய எடுத்துக் கொளத்துல ஊத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவருக்குப் பேச்சே வரவில்லை. அம்மாவுக்குப் பேச்சு வராமல் போனது அந்தத் தெருவுக்கே புதுசு.

குளத்தங்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஊர்த் தலைவர் அப்பாதுரை மாலைகளோடு தயாராக நின்றார். வேன் வரும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"மோட்டார் கீட்டார்னு எவனாவது வாயத் தொறந்தீங்க... அப்புறம் பேஜாராயிடும், சொல்லிட்டேன்!"

வேனிலிருந்து நெடுநெடுவென்று வளர்ந்த மாணவர்கள் இறங்கினார்கள். வெயிலில் மூக்கு நுனியெல்லாம் சிவந்திருந்தது. அவர்களை அழைத்துவந்த திண்டிவனம் ஆசிரியர் விருத்தாசலம், ஒவ்வொருவர் பேசுவதையும் தமிழில் சொன்னார். ஈவா என்ற பெண்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அவள் குளத்தைப் பார்த்ததும் அசந்துபோனாள்.

"ஆகஸ்ட் மாசத்துலகூட இவ்ளோ தண்ணியான்னு கேக்கறாங்க. எப்பிடிக் காப்பாத்தி வெச்சிருக்கீங்களாம்?" என்றார் ஆசிரியர்.

"எல்லாம் ஊர்க் கட்டுப்பாடுதாங்க!" என்றார் தலைவர், கொஞ்சமும் கூசாமல்.

மாணவர்கள் கைதட்டினார்கள். தலைவரும் சேர்ந்து தட்டினார். பிறகு அவர்கள் ஒதுங்கிநின்று தங்களுக்குள் பேசினார்கள். ஈவா ஆசிரியரிடம் ஏதோ சொன்னாள்.

"ரொம்பப் பாராட்டறாங்க," என்றார் ஆசிரியர் சிரித்தபடி. "உங்க ஊருக்கு உதவியே தேவையில்லியாம். பக்கத்து ஊருக்கே போயிடறாங்களாம்."

தட்டிக்கொண்டிருந்த தலைவரின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஊர் மொத்தமும் பேயறைந்த மாதிரி நின்றது.

"கலர் சோடா குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க," என்று மெல்லிய குரலில் சொன்னார் தலைவர். வேறென்ன சொல்வார், பாவம்!

மாணவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து கலர் குடித்தார்கள். செந்தாமரை குளத்தையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் தலைவருக்கு அவமானம். அப்பாவுக்கும்தான். சொல்லாவிட்டால் வேன் கிளம்பிவிடும். கார்த்திகை மழை வரும், குளத்துக்குள் வராமல் எங்கேயோ ஓடும், அடுத்த வருஷமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். குழாயில் வந்த அந்தக் காற்றுச் சத்தம் இன்னும் அவள் காதில் கேட்டது.

அவள் கண் ஈவா உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் போய் நின்றது. அதில் பெயின்டால் பெரிதாக ஒரு பெயர் எழுதியிருந்தது.

செந்தாமரை முன்னால் வந்தாள்.

"அக்கா, நீங்க ஒக்காந்திருக்கற சேர் மாசிலாமணி டீக்கடையோடது. அந்தச் செவப்பு சேர் என்கூடப் படிக்கற ஆர்த்தி வூட்டுது. இந்த டம்ளரு எங்க வூட்டுது. விருந்தாளிங்க வந்தா, நல்லதா எங்க இருக்குதோ அங்க போயி எரவல் வாங்கியாருவோம். எங்க ஊர்ல அப்பிடித்தான்."

ஆசிரியர் சொல்லச் சொல்ல ஈவா புன்னகையோடு தலையாட்டினாள்.

செந்தாமரை குளத்தைக் கை காட்டினாள். "அந்தத் தண்ணியும் அப்பிடித்தாங்க்கா. எங்க கெணறு, போர் எல்லாத்துக்கிட்டயும் எரவல் வாங்கினது. நீங்க வர்றீங்கன்னு ஆசயா வாங்கினாங்க."

ஆசிரியர் மொழிபெயர்க்க மறந்து நின்றார்.

"ஏம்மா, இன்னா சொன்ன?"

அவள் இன்னொரு முறை சொன்னாள். அவர் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். ஈவாவின் கண்கள் அகல விரிந்தன. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். தலைவர் தரையைப் பார்த்தார்.

ஈவா எழுந்து படித்துறைக்கு ஓடினாள். அவர்கள் வந்தபோது தண்ணீருக்குள் இருந்த ஒரு படி இப்போது ஈரத்தோடு வெளியே தெரிந்தது. வெடித்துக் கிடந்த குளத்தின் அடிமண் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

"உங்க வூட்ல குடிக்கத் தண்ணி இருக்குதான்னு கேக்கறாங்க," என்றார் ஆசிரியர்.

செந்தாமரை பந்தலுக்குப் பக்கத்திலிருந்த தெருக்குழாயைத் திறந்து காட்டினாள். 'புஸ்!'

ஈவா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று எல்லோரும் பயந்தார்கள். அவள் அழவில்லை. தலைவரிடம் வந்து, வேகவேகமாக நிறையப் பேசினாள்.

தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. "இன்னா சார் சொல்லுது அந்தப் பொண்ணு? திட்டுதா?"

"இல்லீங்க. அவங்க வூட்டுக்கு விருந்தாளி வந்தா, கண்டதயும் ஒரே அலமாரியில தள்ளி அவங்க அம்மா பூட்டிடுவாங்களாம். தொறந்தா தலமேல கொட்டுமாம். ஆனா விருந்தாளிக்காக யாரும் ஒரு கொளத்தயே நெரப்பி அவங்க பாத்ததில்லியாம். அவங்க ஆடிப்போயிட்டாங்க. இந்தக் கொளத்துக்குத் தண்ணி எந்த வழியா வரும்னு இப்பவே பாக்கணுமாம்."

செந்தாமரைதான் வழி காட்டினாள். குளத்துக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் இருந்த இடமெல்லாம் சீமைக்கருவேல முள். அது முடிந்த இடத்தில் புதிதாகப் போட்ட ரோடு. தண்ணீர் போக அடியில் ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ரோட்டில் முட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடும். மாணவர்கள் முள்ளுக்குள் புகுந்து புகுந்து பார்த்தார்கள், கையெல்லாம் கீறிக்கொண்டார்கள், காரசாரமாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

"இங்கதானாம்!" என்று கத்தினார் ஆசிரியர்.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின.

அம்மாவுக்கு அப்போதுதான் பேச்சு திரும்பியது. "அதெல்லாம் சரி. இன்னிக்கு ஒல வெக்கத் தண்ணி எங்க? மொதல்ல அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. ஜல்தி!"

தலைவர் மறுபேச்சுப் பேசாமல் போனை எடுத்து, ஓமந்தூரிலிருந்து தண்ணீர் டிராக்டருக்கு ஏற்பாடு செய்தார்.

வேன் போன பிறகு அவர் நேராக செந்தாமரையிடம் வந்தார். அவள் சட்டென்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இங்க வா பாப்பா. திங்கக்கெழம வேலய ஆரம்பிக்க வர்றாங்களாம். இந்த தபா நாம இன்னா ரெடி பண்ணி வெக்கணும்? நீயே சொல்லு."

அவர் குரலில் கோபமே இல்லை. செந்தாமரைக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி.

"மம்முட்டிங்கய்யா," என்றாள் தலையை மட்டும் நீட்டி. "நெறய மம்முட்டி. வேற ஒண்ணும் வேணாம்."

திங்கட்கிழமை வேன் வந்து நின்றபோது கரையில் மண்வெட்டிகள் வரிசையாக இருந்தன. குளத்தில் வெறும் சேறுதான் இருந்தது. அந்தச் சேற்றுக்குள், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால்வரை புதைந்து நின்றார் தலைவர் அப்பாதுரை. வேட்டியில் ஒரு தூசுகூடப் படவிடாத மனிதர் அவர். ஊரே கரையில் நின்று அவரைப் பார்த்தது.

"இன்னா வேடிக்க?" என்று அதட்டினார் அவர். "எறங்குங்க!"

முதலில் குதித்தவள் செந்தாமரை. சேறு கரையில் நின்ற ஈவாவின் மூக்கு நுனிவரை தெறித்தது.