பூங்கோதையின் சொற்படம்

பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளைக் கதவிலிருந்த கேமராக் கண் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லும். "ஸ்மால் கேர்ள். ப்ளூ ரிப்பன். ரவுண்ட் ஃபேஸ்." சொல்லி முடித்த பிறகுதான் கதவு திறக்கும். எட்டு வயது இதழி ஒருநாளும் சும்மா உள்ளே போனதில்லை. "நான் ஒண்ணும் ஸ்மால் இல்ல" என்று ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் போவாள்.

புகைப்படம் என்பது அப்போது ஒழிந்துபோயிருந்தது. உலகத்தின் தரவுக் கிடங்குகள் எல்லாம் கல்யாணச் சாப்பாட்டுப் படங்களால் நிரம்பி வழிந்தபோது, படத்தைச் சேமிப்பது ஊதாரித்தனம் என்று அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய எதையும் சில ஆங்கிலச் சொற்களைக் கோத்துச் சொல்லிவிடலாமே. ஆகவே கேமரா பார்க்கும், சொற்களைக் கோக்கும், படத்தை அழித்துவிடும். கேட்டால் அந்தச் சொற்களிலிருந்து புதிதாக வரைந்து தரும். இதற்குச் சொற்படம் என்று பெயர். வீடுவீடாக இருந்த பழைய ஆல்பங்களையும் அரசு வாங்கிச் சொற்களாக்கியது. ஏன் ஆங்கிலம் என்று கேட்டவர்களுக்கு, பொறிக்கு அதுதான் வரும் என்று பதில் கிடைத்தது. தமிழுக்காக ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

யாரும் பெரிதாக வருந்தவில்லை. சொற்படத்தில் மாமா கொஞ்சம் மாறியிருந்தால் என்ன, அசல் மாமாதான் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாரே.

குணசீலனின் மனைவி பூங்கோதை கூடத்தில் இல்லை. இதழி பிறந்த மறுவாரமே இறந்துவிட்டாள். அவள் முகம் அவனுக்கு மறக்கவில்லை என்பதால் படம் தேவைப்படவில்லை. மகள், "அம்மா எப்படிப்பா இருப்பாங்க?" என்று கேட்ட பிறகுதான் அவளைக் கூட்டிக்கொண்டு சொற்பட நிலையத்துக்குப் போனான்.

இணை இயக்குநர் ஆராவமுதன் 'சொற்கூட்டுச் செம்மல்' என்ற பட்டத்தைச் சட்டையில் குத்தியிருந்தார். பூங்கோதையின் சொற்களை ஒரு சொற்பொழிவு போலவே வாசித்தார். "ஓவல் ஃபேஸ், மீடியம் பிரவுன் ஸ்கின், லாங் பிளாக் ஹேர், ஸ்மால் மோல், லெஃப்ட் சீக். அற்புதமான சொற்கோவை சார்."

திரையில் ஒரு பெண் வந்தாள்.

"இவ இல்ல சார்."

"எந்தச் சொல் தப்புன்னு சொல்லுங்க."

ஒன்றும் தப்பில்லை. எல்லாம் அவளுடையவைதான். குணசீலன் தடுமாறினான்.

"சிரிப்பு சார். ஹேர்பின்னைப் பல்லுல கடிச்சுக்கிட்டே சிரிக்கிற மாதிரி சிரிப்பா."

ஆராவமுதன் தட்டினார். பல்லில் ஹேர்பின்னோடு ஒருத்தி பற்பசை விளம்பரம் போலச் சிரித்தாள்.

"பின் வேணாம் சார். பின் இல்லாமலே, இருக்கிற மாதிரி."

"இல்லாததை எப்படிங்க பார்க்கிறது? கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க."

'டைட் லிப்ஸ்' சேர்த்தபோது ரேஷன் கடையில் சண்டைக்கு நிற்கிறவள் வந்தாள். 'சாஃப்ட் ஐஸ்' சேர்த்ததும் அவளும் போய் வேறொருத்தி வந்தாள். மதியத்துக்குள் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆகும் பெண்கள் வந்துபோனார்கள். எல்லோருக்கும் இடது கன்னத்தில் மச்சம்.

ஆராவமுதன் தணிந்த குரலில் சொன்னார். "எங்கப்பாவை நானும் இப்படித்தான் தேடினேன் சார். கடைசியில ஒருத்தரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன். பழகிடுச்சு. நல்ல மனுஷன்தான்."

பெஞ்சில் உட்கார்ந்து சலித்துப்போன இதழி எழுந்து திரைக்கு அருகில் போனாள். அங்கிருந்தவளைப் பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

"இவங்கதானேப்பா? எனக்கு இவங்க மூக்குத்தான்."

அந்த மூக்கு பூங்கோதையுடையது அல்ல. இதழியின் மூக்குத்தான் பூங்கோதையுடையது. மகளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"ஆமாடா," என்றான். "இவங்கதான்."

திரும்பும் ரயிலில் இதழி தன் மணிக்கட்டுத் திரையிலிருந்த அந்தச் சொற்படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா என்னைத் தூக்கினாங்களாப்பா?"

"தூக்கினாங்க."

"எப்படி? சொல்லுங்களேன்."

குணசீலன் பூங்கோதையை நினைத்துப் பார்த்தான். குழந்தையோடு வந்து நின்றவள் அந்தத் திரைப்பெண். அவளை விலக்கினான். பின்னால் இன்னொருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவர்களில் யார் ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தன் கையைப் பிடித்திருந்தவள் என்று அவனுக்குத் தெரியவில்லை.