முறைக் கருப்பை

தினமும் உச்சிவேளையில் கொரற்றி எங்கள் பிரசவ விடுதிக்குத் தூக்குவாளியோடு வந்துவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சி பெல்சியாவுக்குச் சோறும் மீன் குழம்பும். முறைக்காரி சமைத்துப் போடுவது தூத்துக்குடி வழக்கம்.

"என்னப் பாக்க வாரியா, உன் சாமானப் பாக்க வாரியா?" என்பாள் பெல்சியா.

"சாமானத்தான். நீ வெறும் மேலுறை. தின்னுட்டி."

வெப்ப ஆண்டுகளுக்குப் பின் பிறந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் கருப்பை கிடையாது. இருப்பவற்றைக் கைமாற்றி ஓட்டுகிறோம். ஒருத்தி பெற்றதும் எடுத்து, முறைக்காரியாகக் காத்திருக்கும் அடுத்தவளுக்குப் பொருத்துவோம். பெல்சியாவுக்குள் இருந்தது ஏற்கெனவே இருவரைத் தாயாக்கியது, உள்ளெல்லாம் வடு. அதன் அடுத்த முறைக்காரியான கொரற்றிக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. இது போனால் வேறு கிடைக்காது.

அறுவையன்று குழந்தையை நல்லபடியாக எடுத்துவிட்டோம். நஞ்சுக்கொடிதான் வரவில்லை. ஊடுகாட்டித் திரையில் பார்த்தால், அது வடு வழியே கருப்பைச் சுவருக்குள் வேர்விட்டிருந்தது. பிய்த்தால் ரத்தம் நிற்காது. கருப்பையோடு சேர்த்து எடுத்தால் பெல்சியா பிழைப்பாள், ஆனால் கருப்பை இனி யாருக்கும் உதவாது. கொடியை உள்ளேயே விட்டுத் தைத்தால், சில மாதங்களில் அது கரைந்து கருப்பை தப்பலாம். இடையில் சீழ் பிடித்தாலோ ரத்தம் பீறிட்டாலோ பெல்சியா தப்புவது சந்தேகம்.

குழந்தை வெளியே வந்த கணமே கருப்பை முறைக்காரியின் சொத்து. ஆகவே முடிவைக் கொரற்றியிடம்தான் கேட்க வேண்டும். கேடுகெட்ட சட்டம். இருந்தாலும், கருப்பையைப் பெற்றுக்கொள்ள அறுவை அறையிலேயே காத்திருந்தவளிடம் கேட்டேன்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்த பெல்சியா முந்திக்கொண்டாள். "விட்டுத் தைங்க டாக்டர். நான் தாங்கிக்கிடுதேன். பாவம், அவ எத்தன வருசமாக் காத்துக் கெடக்கா."

"நீ வாய மூடுட்டி." முகக்கவசத்துக்குள் கொரற்றி அழுதுகொண்டிருந்தாள். "எடுத்துருங்க டாக்டர்."

எடுத்தோம். எரிகலத்தில் போடுமுன் கொரற்றி காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"இம்புட்டுதானா," என்றாள்.

கருப்பை போனதும் முறைக்காரி என்ற உரிமையும் போய்விடும். மறுநாள் உச்சிவேளையில், கதவைக் காக்கும் இயந்திரமான வாயில்மதி என்னை அழைத்தது. உறவு ஏதுமற்ற பெண்ணொருத்தி தூக்குவாளியோடு நிற்கிறாள், நகர மறுக்கிறாள் என்றது.

போனேன். "உள்ளே விட ஏதாவது உறவு சொல்லணும் கொரற்றி. பெல்சியாவுக்கு நீ என்ன வேணும்னு சொல்ல?"

வாளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"கொழம்பு ஆறுது டாக்டர். தொறங்க."