பொட்டு வைத்த கருங்கல்

ஆயுத பூசையன்று செல்வப்பிரியாவின் கையில் சிக்கிய எதுவும் தப்பவில்லை. அப்பாவின் டிராக்டர், தண்ணீர் மோட்டார், தன் சைக்கிள் என எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

அப்போதுதான் வாசற்படியில் இருந்த நிமி அக்காவின் கருங்கல் கண்ணில் பட்டது.

மலையாளியான நிமி அக்கா பாறைகளை ஆராய்பவர். கொழிஞ்சாம்பாறையில் செல்வப்பிரியாவின் வீட்டு மாடியில் ஒரு மாதமாகத் தங்கியிருந்தார். செல்வப்பிரியா கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன ஒரே பெரியவர் அவர்தான். அந்த நன்றி அவள் மனம் முழுக்க இருந்தது.

'அக்காவுக்குக் கல்தானே ஆயுதம்!'

தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய் தேயென்று தேய்த்து, பெரிதாக ஒரு பொட்டும் வைத்தாள்.

பையோடு இறங்கி வந்த அக்கா திடுக்கிட்டார்.

"அய்யோ மோளே! இதில் இருந்த அம்புக்குறி எங்கே?"

"அந்த வெள்ளைக் கோடுங்களா அக்கா? அழுக்குன்னு தேச்சுட்டனுங்க."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பல கோடி வருசத்துக்கு முன்னாடி மண்ணுக்கடியில நெருப்புக் குழம்பு ஆறித்தான் இந்தக் கல்லாச்சு. ஆறும்போது உள்ளே இருக்கிற இரும்புப் பொடியெல்லாம் அன்னிக்கு வடக்கு எங்கேயோ அந்தப் பக்கம் பார்த்து நின்னுடுச்சு. நம்ம நிலம் மடகாஸ்கரை விட்டுப் பிரிஞ்சு எப்படித் திரும்பி வந்துச்சுன்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும். கல்லு பாறையில எப்படி இருந்துச்சுன்னு காட்டினது அந்த அம்புக்குறிதான்."

"வேற கல்லு எடுக்கலாமுங்களா?"

"உடைக்க வந்த ஆளுங்க நேத்தே போயிட்டாங்க. சாயங்காலம் எனக்கு ரயில்."

செல்வப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே!

"கண்ணு, அந்தத் தேங்காத் தட்டை எடுத்துட்டு வா சாமி" என்று அப்பா கூப்பிட்டார்.

தட்டில் உடைத்த தேங்காய் மூடிகள் இரண்டும் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். பொருந்தவில்லை. கொஞ்சம் திருப்பினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அக்கா!" என்று கத்தினாள். "கல்லு பேந்த பள்ளம் அங்கயேதானுங்களே இருக்குது? வச்சுப் பாத்துரலாமுங்க!"

இருவரும் கல்லைத் தூக்கிக்கொண்டு, அதை உடைத்தெடுத்த வயலோரப் பாறைக்கு ஓடினார்கள். ஒரு பக்கமாக வைத்தபோது கல் ஆடியது. மறுபக்கம் துருத்தியது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் டக்கென்று உட்கார்ந்துகொண்டது. ஊசி நுழைய இடமில்லை!

அக்கா திசைகாட்டியை வைத்துப் பார்த்துப் புதிதாக அம்புக்குறி போட்டார். பிறகு செல்வப்பிரியாவைக் கட்டிக்கொண்டார்.

"இந்தியாவையும் மடகாஸ்கரையும் நாங்க இப்படித்தான் சேர்த்து வச்சுப் பார்க்கிறோம், தெரியுமா? ரொம்ப நன்றி மோளே."

"நான்தானுங்க தப்புப் பண்ணுனது. பொட்டையும் அழிச்சுறட்டுங்களா?"

"தொடாதே! என் கல்லுக்கு யாரும் இதுவரைக்கும் பூசை போட்டதே இல்லை."

அக்கா திசைகாட்டியையும் நீட்டினார்.

"இதுக்குப் பொட்டு கிடையாதா?"

செல்வப்பிரியா முகமெல்லாம் சிரிப்பாகக் குங்குமத்தைத் தொட்டாள். விரல் பாதியிலேயே நின்றது.

"எந்த எடத்துல வைக்கட்டுமுங்க அக்கா?"